கிழவரோட மூக்குக்கிட்ட வளைஞ்ச கோடு

முதல்ல நான் திட்டினது ஸ்கேலைத்தான்.

நாப்பத்தாறு வயசுல ஆயில் பெயின்டிங் கத்துக்க ஆரம்பிச்சவன் நான். ஆபீஸ்ல சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவன் பண்ண தப்பைத் தேடறதுக்கு சம்பளம். சாயங்காலம் செகந்தராபாத் திருமுல்கேரியில எங்க வீட்டு மாடி ரூம்ல, பழைய ஐரோப்பிய ஓவியர் ஒருத்தர் வரைஞ்ச கிழவரோட முகத்தை காப்பி பண்ணுவேன். அச்சுப் படத்து மேல கட்டம் போடணும், கேன்வாஸ்லயும் அதே கட்டம். ஒவ்வொண்ணா நிரப்பிட்டே போனா, எனக்குக்கூட முகம் வந்துடும்.

அன்னைக்கு பிரஷ்ஷை நீட்டி, வலது கண்ணை மூடி அளவெடுத்தேன். கிழவரோட மூக்குக்கிட்ட கட்டத்தோட ஒரு கோடு வளைஞ்சிருந்துச்சு. அழிச்சுட்டு திரும்பப் போட்டேன். வளைஞ்சுது. மறுநாள் ஸ்டீல் ஸ்கேல் வாங்கிட்டு வந்தேன். அந்த ஸ்கேலே வளைஞ்சு தெரிஞ்சுது. கண்ணை மாத்தி மூடினேன். எல்லாம் நேரா இருந்துச்சு.

ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

என் மனைவி சரளா செகந்தராபாத்லயே பொறந்து வளர்ந்தவ, பேச்சுல அந்த ஊர் உருது கலக்கும்: ஹவ்னா ஆமா, நக்கோன்னா வேணாம். "ஹவ், நேத்தே தெரிஞ்சுதா? கைக்கு, ஏன் சொல்லல?"

"ஸ்கேல்ல தப்புன்னு நினைச்சேன்."

"உங்க கண்ணைத் தவிர எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணுங்க."

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ஒரு கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, எங்க வளையுதுன்னு கேட்டாங்க. "இதே மாதிரி எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு மேடம்"னேன். அவங்க சிரிக்கல. விழித்திரைக்கு (கண்ணுக்குள்ள பின்பக்கம் பார்வை பதியற மெல்லிய சவ்வு) அடியில நீர் கோத்திருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சுது.

"ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கற மருந்து) ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்ல மேடம்."

"சின்ன மாத்திரைகூட?"

பெயின்ட் கரைக்கற, பிரஷ் கழுவற டர்பென்டைன் வாடை எனக்கு இளைப்பு கொண்டுவரும். சொன்னா சரளா பெயின்டிங்கை நிறுத்தச் சொல்லுவாளேன்னு, நானே மெடிக்கல் ஷாப்ல வாங்கி ரெண்டு மாசமா ஒரு வெள்ளை மாத்திரை போட்டுட்டிருந்தேன். மாத்திரை அட்டை சட்டைப்பையிலயே இருந்துச்சு. எடுத்து மேஜை மேல வச்சேன்.

பக்கத்துல உக்காந்திருந்த சரளா அதை எடுத்து, எத்தனை காலியாயிருக்குன்னு எண்ணினா. அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு.

"பார்வை திரும்பிடுமா?"

"நிறைய பேருக்கு மூணு நாலு மாசத்துல தானா வத்திடும். சிலருக்கு வத்தாது. மறுபடி வரவும் வரலாம். இந்த ஸ்டீராய்டு மாத்திரையாலதான் நீர் கோத்திருக்கும், ஆனா சட்டுனு நிறுத்தாதீங்க, நான் எழுதித் தர்ற மாதிரி குறைச்சுக்கிட்டே வாங்க."

அப்புறம் காத்திருக்கணும். அவ்வளவுதான் வைத்தியம். உங்களையும் இப்படி காத்திருக்கச் சொல்லியிருந்தா, ஒண்ணு மட்டும் சொல்றேன்: வீட்டுல எதையும் மறைக்காதீங்க. தனியா பயப்படறதுக்கு எனக்குத் திறமை பத்தல.

ஒரு நாள் இடது கண்ணால மட்டும் சரளாவைப் பார்த்தேன். முகத்துக்கு நடுவுல பழுப்பா ஒரு வட்டம், கண்ணும் மூக்கும் இருக்கற இடத்துல.

"எப்படி இருக்கேன்?"

"அழகா இருக்கே."

"பொய்"னா. கையைப் பிடிச்சுக்கிட்டா.

தினமும் பல் தேய்க்கறதுக்கு முன்னாடி கேன்வாஸ்கிட்டப் போய் வலது கண்ணை மூடுவேன். மூணாவது மாசம் கோட்டோட வளைவு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஆசையில அப்படித் தெரியுதோன்னு ரெண்டு வாரம் வாயைத் திறக்கல. நாலாவது மாசம் கோடு நிமிர்ந்துடுச்சு. நீர் இல்லன்னு ஸ்கேனும் சொல்லிடுச்சு.

இப்ப டர்பென்டைன் இல்லாம, எண்ணெயிலயே பிரஷ் கழுவி, முகத்தை வரைஞ்சுட்டேன். மூக்குப் பக்கத்துல, ஒரு கண் வரவேண்டிய கட்டம் மட்டும் வெறுமனே இருக்கு, பென்சில் கோட்டோட.

"அந்தக் கண்ணையும் போட்டு முடிங்களேன்"னு சரளா கேக்கறா.

"நக்கோ"ன்னுட்டேன். தினமும் காலையில கண்ணை டெஸ்ட் பண்ண அந்தக் கோடு வேணும்.

முன்னெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு ப்ளான் போடுவேன். இப்ப ஒரு காலைக்கு ஒரு கோடு. கிழவருக்கு இன்னும் ஒரு கண் பாக்கி. எனக்கு ரெண்டும் இருக்கு, இன்னைக்குக் காலையில பார்த்த வரைக்கும்.