லாட்ஜ் சுவரும் என் சினைமாடும்

எங்கள் சந்தில் லாட்ஜ் நடத்தும் முதலாளியே, என் மாட்டின் கன்று செத்ததற்கு நீங்கள்தான் காரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளுக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறேன். லாட்ஜ் சுவரை ஒட்டித்தான் என் தொழுவம். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் கூட்டத்தால் அறைகள் நிரம்பின. அத்தனை ஏசி பெட்டிகளும் எங்கள் சந்துக்குள்தான் வெக்கையைத் தள்ளின. வேன்கள் இன்ஜினை அணைக்காமல் நின்றன. பொழுது சாய்ந்தும் சந்து ஆறவில்லை.

நிறைசினை மாடு நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கியது. வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்ததில் கண்பட்டுவிட்டது என்று நினைத்து, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன்.

"கண்ணுமில்ல, மண்ணுமில்ல. சுவத்துல கைய வச்சுப் பாருங்க, எம்புட்டுச் சூடு! மாட்ட அவுத்து வேற எங்கயாச்சும் கட்டுங்க" என்றாள் என் மனைவி.

"ஏட்டி, பேசாம இரு. நாளைக்குச் சரியாயிரும்" என்றேன்.

மறுநாள் கன்று செத்துப் பிறந்தது. வெக்கைதான் காரணம் என்றார் மாட்டு டாக்டர். மனைவி சொன்னபோதே அவிழ்த்துக் கட்டியிருக்கலாம். அது இன்னும் மனதை அறுக்கிறது.

இப்போது விடுமுறை தொடங்கும் முன்பே மாட்டைச் சுந்தரபாண்டியம் கிராமத்திலுள்ள மச்சான் தோப்புக்கு ஓட்டிவிடுகிறேன். சந்தில் குடியிருக்கும் மனிதர்களை எங்கே ஓட்டுவது? முதலாளியே, அந்தப் பெட்டிகளை எப்போது மொட்டைமாடிக்கு ஏற்றுவீர்கள்? ஊரே படிக்கும்படி இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.