ஆட்டோ மேல் காய்ந்த ரஜாய்

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நாங்கள் பதறினோம், சிதறியது. ஆனாலும் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்ந்துதான் போகிறது.

பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் இருப்பவர் ஆபா. ஆபா என்றால் உருதுவில் அக்கா. சின்னவர் பெரியவர் எல்லோருக்குமே அவர் ஆபாதான். மேலும் கீழும் துணி போட்டு, நடுவில் பஞ்சை விரித்து ரஜாய் என்கிற கனத்த போர்வை தைப்பார். தையல், எறும்பு வரிசை போகிற மாதிரி போகும். பல வருடமாகத் தி.நகரில் ஒரு கடைக்குத் தைத்துக் கொடுத்தார். ரஜாயில் கடையின் பேர்தான் இருக்கும். வாங்கினவர்களில் ஒருவர்கூட ஆபாவின் முகத்தைப் பார்த்ததில்லை. "நல்லா கீதுன்னு ஒரு வாட்டியாவது யாராவது என் மூஞ்சியப் பார்த்து சொல்லணும்டி" என்பார்.

அதற்காகத்தான் அடையாற்றில் ஒரு மண்டபத்தில் நடந்த கைவினைக் கண்காட்சியில் நாங்கள் இருவரும் முதல்முறையாக ஒரு ஸ்டால் பிடித்தோம். பெரிய கடைக்காரர்கள் வந்து ஆர்டர் கொடுக்கிற கண்காட்சி. தலையணை உறையெல்லாம் நான் மெஷினில் அடித்தது. பின்சுவர் முழுக்கத் தொங்கப்போகிற பெரிய ரஜாய் மட்டும் ஆபாவின் கைவேலை. எத்தனையோ விதமான நீலத் துண்டுகள், ஓரத்தில் வெள்ளை. தன் ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிற கடலைத்தான் தைத்திருந்தார்.

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் தையலை முடித்து, என் வீட்டுக் கட்டிலில் விரித்துவிட்டு, டீ குடிக்க மேலே போனோம். திரும்பி வந்தால் வெள்ளை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

"புதுத் துணிய மஞ்சள் வெக்காம வெளிய எட்த்துனு போவாங்களா?" என்றார் என் மாமியார். "நல்லதுக்குத்தான் வெச்சேன். கொஞ்சம் தண்ணி ஜாஸ்தியாய்டுச்சு."

கைக்குட்டை வாங்கினாலும் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எடுக்க விடமாட்டார் அவர். அவரை என்ன சொல்வது? சாதாரணத் துணியாக இருந்தால் ஒரு பொட்டோடு நின்றிருக்கும். உள்ளே இருந்த பஞ்சு தண்ணீரைக் குடித்து, கறையைப் பரப்பிவிட்டது.

நான் எலுமிச்சம்பழம் தேடி உள்ளே போன நேரத்தில், ஆட்டோ சவாரி முடித்து வந்த என் வீட்டுக்காரர், உதவி செய்கிறேன் என்று துணி சோப்பை எடுத்து நன்றாகத் தேய்த்துவிட்டார். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அலையோரம் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"இன்னாம்மா, குங்குமமும் சேர்த்து வெச்சியா?" என்று தன் அம்மாவைக் கேட்டார்.

"மஞ்சள்தான்டா நான் வெச்சது. குங்குமம் நீ வெச்சது."

ஆபா சிரிக்கவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். "உட்டுர்டி. தலகாணி உறைய மட்டும் எட்த்துனு போ. நான் வர்ல."

அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உறைகள் மட்டும் போனால், ஆபாவைப் பொறுத்தவரை அது அவர் முகம் தெரியாத இன்னொரு கடை, அவ்வளவுதான்.

நல்ல தண்ணீரில் அலச அலச, சிவப்பு மறுபடி மஞ்சளுக்குத் திரும்பியது. மஞ்சள் கறை பயப்படுவது வெயில் ஒன்றுக்குத்தான். ஆனால் பொழுது சாய்ந்திருந்தது. மறுநாள் காலையிலேயே மண்டபத்தில் ரஜாயை மாட்டியாக வேண்டும்.

விடிந்ததும் மொட்டைமாடியில் விரித்தோம். காக்கை விரட்ட மாமியார் குச்சியோடு உட்கார்ந்தார். கறை வெளுத்துக்கொண்டுதான் வந்தது. கிளம்புகிற நேரம் அதைவிட வேகமாக வந்தது. என் வீட்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. ரஜாயைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, தன் ஆட்டோவின் கூரையைத் துடைத்து, அதன்மேல் கறைப் பக்கம் வெயிலைப் பார்க்கிற மாதிரி விரித்துக் கயிற்றால் கட்டினார்.

"போற வழியெல்லாம் காயட்டும். ஏறுங்க ஆபா."

கையைப் பிடித்து நான்தான் ஏற்றினேன். ஆபா என் முகத்தையே பார்க்கவில்லை.

கிரீன்வேஸ் சாலை சிக்னலில் நின்றோம். பக்கத்தில் ஸ்கூட்டியில் இருந்த ஒரு பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணா, மேல கட்டிகீறீங்களே, எங்க வாங்கனது?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் கட்டைவிரலால் பின்னால் காட்டினார். "அவங்களக் கேளு."

ஆபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தலையை வெளியே நீட்டினார். "வாங்கல கண்ணு. நான் தெச்சது."

"கையாலயா? சூப்பரா கீதுக்கா."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஆபா முன்னால் குனிந்து, "தம்பி, மெதுவா போ. இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்றார்.

அடையாறு பாலத்தில் எங்கள் ஆட்டோவைச் சைக்கிள்கூட முந்திப் போனது.

மண்டபத்தில் மாட்டியபோது, தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் லேசான சந்தன நிறம் தெரிந்தது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, யார் செய்தது என்று கேட்டார்கள். பேச்சில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் அன்று நான் வாயைத் திறப்பதற்குள் ஆபா எழுந்து நின்றுவிடுவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது, பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய் அவருக்குக் குரலே வரவில்லை.