புளியமரத்தைப் பனியன் துணியால் அளந்தது

ஞாயிற்றுக்கிழமையானால் மற்ற பனியன் கம்பெனிக்காரர்கள் தூங்குவார்கள். நான் கிழட்டு மரங்களைப் பார்க்கப் போவேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் ஒரு மரத்தடியில் கிடந்த கல்வெட்டை எனக்கும் படிக்கத் தெரியவில்லை, கூட வந்த காலேஜ் வாத்தியாருக்கும் தெரியவில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கிளாஸ்.

சாமளாபுரம் பக்கம் எங்கள் காட்டோரத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. அடியில் புலியை ஈட்டியால் குத்தும் வீரனின் கல். அவன் பெரிய ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவனுக்கு வந்தது ஒரே ஒரு புலி. எனக்குச் சரக்கு வாங்க வருகிற பையர் சீசனுக்கு நாலு.

என் மகளின் மாமனார் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். அவருக்கும் ஒரு புளியமரம், பக்கத்தில் அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் தங்கிய கல் மண்டபம். பேரனுக்குக் காதுகுத்து வந்தது. குத்துவது அவர்கள் குலசாமி கோயிலில், அதில் பேச்சில்லை. விருந்து எந்த மரத்தடியில் என்பதுதான் சண்டை. எது பெருத்த மரமோ அங்கேதான் இலை போடுவது என்று முடிவானது.

என் பையில் எப்போதும் இருக்கிற இஞ்சு டேப் என் மரத்தைப் பாதிகூடச் சுற்றவில்லை. அதற்காக விடுகிற ஆளா நான்? கட்டிங் டேபிளிலிருந்து நீளமாக ஒரு பனியன் துணியைக் கிழித்து வந்தேன். தொங்கக் கூடாதென்று விறைப்பாக இழுத்துச் சுற்றி, முனை சேர்ந்த இடத்தில் வெட்டினேன். மடித்துக் காரில் போட்டேன். ஒரு வாரம் அது அங்கேயே கிடந்தது.

அடுத்த ஞாயிறு காங்கேயம். சம்மந்தி துணியை வாங்கி, குழந்தைக்கு இடுப்புக்கயிறு கட்டுவதுபோல மெதுவாக மரத்தைச் சுற்றினார். இரண்டு முழம் பத்தவில்லை.

"எம்பட மரம் பெருசுங்க சம்மந்தி."

"கொஞ்சம் இழுத்துப் புடிங்க, வரும்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "இழுத்தா வருமுங்களா? அப்ப அங்கயும் இழுத்துப் புடிச்சுத்தான் வெட்டுனீங்களாக்கு?"

அப்போதுதான் உறைத்தது. இழுத்து வெட்டின துணி சும்மா கிடந்தால் சுருங்கும்; அதோடு என் மரத்தின் அளவும் சுருங்கிவிட்டது. 'ரோலைப் பிரிச்சுப் போட்டு ஆறவிடு, அப்புறம் வெட்டு' என்று முப்பது வருசமாகக் கட்டிங் மாஸ்டர்களைத் திட்டிய வாய் இது. ஆமாம் என்றால் என் மரம் பிழைக்கும், தொழில் மானம் போகும். இல்லை என்றால் மரம் போகும்.

"நானாவது இழுக்கறதாவது! தொழில் தெரிஞ்சவனுங்க நான்," என்றேன். "உங்க மரந்தான் பெருசுங்க."

பின்னால் நின்ற என் வீட்டுக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏனுங்க, மரத்த உட்டுக் குடுத்துப்போட்டீங்களே!" என்றாள். அவளும் கம்பெனியில் பதினைந்து வருசம் செக்கிங் பார்த்தவள். அவளிடம் எந்தச் சுருக்கமும் தப்பாது.

விருந்து காங்கேயத்தில்தான் நடந்தது. சம்மந்தி வருகிறவர்களிடமெல்லாம், "எங்க சம்மந்தியே அளந்து சொன்ன மரமுங்க. பனியன் கம்பெனி அளவு, தப்பவே தப்பாது," என்று மரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். நானும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று, "ஆமாங்க, நாந்தான் அளந்தேன்," என்று மார் நிமிர்த்திச் சொன்னேன்.