சார், பின்னாடி வாங்க

அண்ணனுக்கு ஆட்டிசம் என்று சென்னை டாக்டர் சொன்னபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு. அதுவரை ஒரகடத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் அதற்கு ஆளுக்கொரு பேர் வைத்திருந்தார்கள். எதையும் இங்கே எழுத முடியாது.

வைத்தியம் உண்டா என்று கேட்டோம். வைத்தியம் இல்லை, நாடகம் உண்டு என்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலுக்குச் சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து ஒரு டீச்சர் வருவார். இவனைப் போன்றவர்களுக்கு, மனிதர்களோடு பழகுவது எப்படி என்று நாடகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார். கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு நான் இவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த நாடகத்தில் வளர்ந்த ஆட்கள், வராத பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அண்ணனுக்கு வரிசை என்றால் உயிர். யாராவது குறுக்கே புகுந்தால் அலறித் தலையில் அடித்துக்கொள்வான். அவனுக்காகவே ஒரு காட்சி. டீச்சர் ஆம்பளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு குறுக்கே புகுவார். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்தைப் பார்த்து அவன் பேச வேண்டும். மாதக்கணக்கில் ஒத்திகை. ஒருநாள் பேசிவிட்டான். அம்மா அழுதாள்.

எங்கள் கம்பெனியில் பேக்கிங்குக்கு ஆள் தேவைப்பட்டது. ஆயுத பூஜையன்று குடும்பத்தை உள்ளே விடுவார்கள். அன்றைக்கு அண்ணனைக் கூட்டி வரச் சொன்னார் சூப்பர்வைசர். பழகத் தெரிந்த ஆள்தான் என்று மேனேஜருக்குப் பட்டுவிட்டால் வேலை உறுதி.

மெஷினுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள். பொரி, சுண்டலுக்கு வரிசை. அண்ணன் புதுச்சட்டையில் அமைதியாக நின்றான். மேனேஜர் தன் மனைவி, பிள்ளைகளோடு நேராக வரிசைக்கு முன்னால் வந்தார். நாங்கள் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே ஒதுங்கினோம். அண்ணன் ஒதுங்கவில்லை. அலறவும் இல்லை. அவர் புருவத்தைப் பார்த்தான்.

"சார், நாங்க வரிசைல நிக்கிறோம். பின்னாடி வாங்க."

ஒத்திகையில்கூட அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

மேனேஜர் சூப்பர்வைசரிடம் திரும்பினார். "நீ சொன்ன ஆளு இதானா? பழகவே தெரியலியேப்பா. இன்னும் கொஞ்சம் ட்ரெய்னிங் குடுக்கச் சொல்லு."

வெளியே வந்ததும் சூப்பர்வைசர் என்னிடம், "இன்னாமா, வூட்ல ஒண்ணும் சொல்லிக் கூட்டினு வரலியா?" என்றார்.

வேலை கிடைக்கவில்லை. நடந்ததைச் சனிக்கிழமை ஹாலில் சொன்னதும் டீச்சர் கைதட்டினார்.

"கை தட்டாதீங்க டீச்சர். மேனேஜர் வந்தா ஒதுங்குறதுக்கு ஒரு நாடகம் போடுங்க" என்றேன்.

"அதை நான் சொல்லித்தர மாட்டேன்."

"உங்களுக்கு இன்னா, பஸ் ஏறிப் போயிடுவீங்க. வூட்ல குந்திகினு இருக்கப்போறது அவன்."

டீச்சர் மாட்டும் அந்த ஆம்பளைச் சட்டையை நானே எடுத்து மாட்டிக்கொண்டேன். மேனேஜர் வருகிறார், ஒதுங்குங்கள் என்று பஸ் வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு விறைப்பாக நடந்தேன். அண்ணன் என் புருவத்தைப் பார்த்தான்.

"சார், நாங்க வரிசைல நிக்கிறோம்."

"பின்னாடி வாங்க" என்றார்கள் அவனுக்குப் பின்னால் நின்றவர்கள்.

இன்னொரு தடவை நடந்தேன். அதே பதில். வரிசை சரியாகாமல் பஸ் வராது என்று அண்ணன் விளக்கினான். பின்னால் போய் நின்றேன்.