கறை போன கை

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், மெல்லத்தான் எழுதுவேன். ஆனால் இதை எழுதாமல் விடமாட்டேன்.

தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள் விரலில் கறுப்புக் கறை இருக்கும். நான் தோட்டத்தில் நாற்பது வருஷம் கிள்ளினேன். இப்போதும் பக்கத்துச் சின்னத் தோட்டத்தில் வாரம் மூன்று நாள் கிள்ளுகிறேன். மலையேறுமுன் விரல் இடுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய். திரும்பி வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடியும் எண்ணெய். கறை முழுக்கப் போகாது. போகவும் வேண்டாம். தோல் வெடிக்காமல் இருந்தால் போதும். என் கையில் ஒரு வெடிப்புக் கிடையாது, யாரும் வந்து பார்க்கலாம்.

கொழுந்து கிள்ளும் மருமகளுக்கும் இதையே பழக்கியிருந்தேன். போன மாதம் நாவலப்பிட்டியில் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். முந்தின நாள் பேத்தி தாயிடம் சொன்னது அடுப்படியில் இருந்த எனக்கும் கேட்டது.

"அம்மா, இந்தக் கையோட வராதீங்க. கையெழுத்துப் போடுறப்ப எல்லாரும் பாப்பாங்க."

மருமகள் எழுந்து பின்பக்கம் போனாள். கக்கூஸ் கழுவ வைத்திருந்த பிளீச்சை வாளியில் ஊற்றி, தேங்காய்த் தும்பால் கையைத் தேய்த்திருக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது கறை போயிருந்தது. தோலும் போயிருந்தது. குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் பிடித்தேன். புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டேன்.

"அவளுக்கு வெக்கமா இருக்காம் அத்தை," என்றாள். அவ்வளவுதான்.

டிஸ்பென்சரியில் இரண்டு கைக்கும் மருந்து வைத்துக் கட்டினார்கள். மறுநாள் கூட்டத்துக்கு நான் போனேன். டீச்சர் நீட்டிய புத்தகத்தின் மேல் என் இரண்டு கையையும் நன்றாகத் தெரியும்படி வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பெயரை எழுதினேன். நேரமாயிற்று. பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும் என்று எழுதினேன். பக்கத்தில் பேத்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வாரமாகிவிட்டது. மருமகள் இன்னும் கொழுந்துக்குப் போகவில்லை. சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுகிறாள். அப்படியிருந்தும் பிள்ளையைத் திட்டாதீங்க என்று என்னிடமே சொல்கிறாள். மருமகள் கேட்டுக்கொண்டதற்காகப் பேத்தியைத் திட்டவில்லை, இதை எழுதினேன்.

இந்தா, நீ படிச்ச பிள்ளதானே. அப்பாயி எழுதினத மொதல்ல இருந்து சத்தமாப் படி. உள்ள ஒங்கம்மா இருக்கா, அவளுக்கும் கேக்கட்டும்.