அற்புதசாமி செய்த நாற்பத்திரண்டு ஆடுகள்

பாலக்கரையில் அற்புதசாமியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். டிசம்பர் மாதத்தில் மட்டும் கேட்கக் கூடாது. பதினொரு மாதம் அவர் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஞாயிறு பூசைக்கு முதல் மணிக்கே போய் உட்காருகிறவர். பன்னிரண்டாம் மாதம் பிறந்ததும் அவர் கண் வீட்டுச் சாமான்கள் பக்கம் திரும்பும். துடைப்பத்தில் ஈர்க்குச்சி குறையும். தலையணை இளைக்கும். அடுப்படியில் தீக்குச்சிகள் சிதறிக் கிடக்கும், பெட்டி இருக்காது.

எல்லாம் கோயிலில் நடக்கும் ஒரு போட்டிக்காக. ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் கிறிஸ்துமஸ் குடிலில் வைப்பதற்கு ஏதாவது ஒன்றைத் தங்கள் கையாலே செய்து கொண்டுவர வேண்டும். கடைச்சரக்கு கூடாது, வீட்டில் கிடக்கிற பொருள்தான். ஜெயிக்கிற குழந்தை பெருநாள் காலைப் பூசையில் பாலகன் இயேசுவின் சுரூபத்தை ஏந்திப் போய்க் குடிலில் கிடத்தும். கோயிலே எழுந்து நின்று பார்க்கும்.

அற்புதசாமியின் மூத்த பிள்ளைகள் மூவரும் ஜெயிக்காமலே ஐந்து வயதைத் தாண்டிவிட்டார்கள். அதற்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அடைக்கலராஜ்தான் காரணம். அவர் ரயில்வேயில் படம் வரைகிற டிராப்ட்ஸ்மேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய எட்டு மாதக் குழந்தை இன்னாசி, மெழுகுவத்திச் சூட்டில் தானாகச் சுற்றும் நட்சத்திரம் ஒன்றைச் செய்தது. பரிசும் வாங்கியது. சுரூபத்தைக் குழந்தையால் தூக்க முடியாது என்று ஒரு கையில் குழந்தையும் மறு கையில் சுரூபமுமாக அடைக்கலராஜே நடந்து போனார். 'வீட்டில் கிடக்கிற பொருள்' என்பதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். வேண்டிய கலர் பேப்பரைச் செப்டம்பரிலேயே வாங்கிப் பரண்மேல் வீசிவிடுவார். டிசம்பர் வரும்போது அது வீட்டில் கிடக்கும்.

இந்த 1938ஆம் வருஷத்தோடு அற்புதசாமிக்குக் கதவு அடைபட்டுவிடும். கடைக்குட்டி செல்வமேரிக்குப் பிப்ரவரியில் ஐந்து நிரம்புகிறது. அதற்கப்புறம் இந்த வீட்டில் தொட்டில் கட்டுவதில்லை என்று மனைவி லூர்துராணி தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்கத்தை முடித்துவிட்டு ஒரு குண்டைப் போட்டார்.

"போன வருஷம் ஜெயிச்ச குழந்தைகிட்ட, நீயாம்மா செஞ்சேன்னு கேட்டேன். 'எங்க அப்பா என்னைத் தொடவே விடலீங்க சாமி'ன்னு சொல்லிச்சு. அதனாலே இந்த வருஷம் இருபத்திமூணாம் தேதி பள்ளிக்கூட ஹாலிலே, என் கண்ணு முன்னாலே, நாங்க தர்ற தீப்பெட்டியிலேயும் பஞ்சிலேயும் எல்லாரும் ஒரு ஆட்டுக்குட்டி செய்யணும். அப்பாமார் எல்லாம் வெளியே நிக்கலாம்."

மறுநாள் ஆபீசில் அற்புதசாமி பக்கத்து நாற்காலி சேஷுவிடம் புலம்பினார். சேஷு ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர்; வெற்றிலைச் செல்லத்தைத் திறக்காமல் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டார்.

"குழந்தைகள் கையிலயா விடச் சொல்றார்? விபரீதமான்னா இருக்கு! எங்காத்துல கொலு வைக்கறச்சே குழந்தைகளைப் பக்கத்துலயே அண்ட விடமாட்டோம், ஓய்."

"கொலுவே குழந்தைகளுக்காகத்தானேய்யா?"

"அவாளுக்காகத்தான். அதுக்காக அவாளைத் தொட விடறதா?"

நியாயம் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரே என்று அற்புதசாமிக்கு ஆறுதலாக இருந்தது.

அன்று மாலையே பயிற்சி ஆரம்பமாயிற்று. ஒரு தீப்பெட்டி, அதற்கு நாலு ஈர்க்குச்சிக் கால், மேலே பசை, பசைமேல் பஞ்சு. முடிந்தது ஆட்டுக்குட்டி. இதைவிடச் சுலபமாக உலகத்தில் ஒன்றும் கிடையாது என்று அவர் மனைவியிடம் சொன்னார்.

"அப்படின்னா அவளே செய்யட்டும், நீங்க எழுந்து வாங்க" என்றாள் லூர்துராணி.

"ஒரு தடவை காட்டிட்டு வரேன்."

காட்டினார். செல்வமேரி பஞ்சை ஒரு கைப்பிடி அள்ளிப் பெட்டியின் அடிப்பக்கம் ஒட்டினாள். அற்புதசாமி பதறிக் கையை நீட்டினார். "ம்ச்! அப்படியாம்மா எடுப்பாங்க? கொஞ்சமா, கொஞ்சமா. கொடு இப்படி. நீ பசைக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கோ. சாய்க்காதே. நான் கேக்கும்போது நீட்டு."

அவள் பிடித்துக்கொண்டாள். கேட்கும்போது நீட்டினாள். மறுநாளும் அப்படியே. மூன்று வாரத்துக்குள் அந்த வீட்டில் நாற்பத்திரண்டு ஆடுகள் பிறந்தன. கடைசிப் பத்தும் அற்புதமாக இருந்தன. ஒன்று திரும்பிப் பார்ப்பதுபோலக்கூட இருந்தது. இரண்டு தலையணைகள் வெற்று உறைகளாயின. லூர்துராணி மிச்சத் துடைப்பத்தால் கூட்டியபோது குப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஆட்டுக்குட்டி செய்யறதிலே உங்களுக்குக் கை நல்லாத் தேறிடுச்சுங்க" என்றாள் அவள். "உங்களுக்கு எப்ப ஐஞ்சு வயசு முடியுது?"

இருபத்திமூன்றாம் தேதி மத்தியானம் ஹாலில் பாய் விரித்து இருபது குழந்தைகளை உட்கார்த்தினார்கள். ஆளுக்கு ஒரு தீப்பெட்டி, கொஞ்சம் பஞ்சு, குச்சி, அரிசிமாவுப் பசை. சாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே தகப்பன்மார்கள் சிறைச்சாலையில் நிற்கிறவர்கள்போல நெருக்கியடித்து நின்றார்கள்.

சாமியார் கையைத் தட்டினார். "ஆரம்பிங்க."

செல்வமேரி பசைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். சாய்க்காமல் நீட்டினாள். காத்திருந்தாள்.

அவள் மட்டுமல்ல. பக்கத்தில் இன்னாசி ஒரு குச்சியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்கு அப்பால் ஒரு பெண் பஞ்சை நீட்டிக்கொண்டிருந்தாள். பசையைத் தின்றுகொண்டிருந்த மூன்று பேரைத் தவிர, ஹால் முழுக்கக் குழந்தைகள் ஏதாவது ஒன்றைக் கையில் ஏந்தி, ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள். பாலக்கரையில் இத்தனை ஒழுங்கான குழந்தைகளை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"செய்யேன்டா!" என்று அடைக்கலராஜ் கம்பி வழியாகப் பல்லைக் கடித்தார்.

"வெளியிலேருந்து சத்தம் வரக் கூடாது" என்றார் சாமியார்.

செல்வமேரிக்குக் கை வலித்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இருபுறமும் பார்த்தாள். சம்மணத்தைச் சரிசெய்து, இடுப்பில் கை ஊன்றி, இன்னாசியிடம் சொன்னாள்: "டேய், குச்சியைக் குத்து."

இன்னாசி குத்தினான். அவன் பிறந்தது முதல் சொன்னதைச் செய்தே பழக்கப்பட்டவன்.

"இன்னொண்ணு. பசையைத் தடவு. ம்ச்! அப்படியா எடுப்பாங்க? கொஞ்சமா, கொஞ்சமா. பஞ்சை வை. தொடாதே, காயட்டும்."

ஜன்னலுக்கு வெளியே சிரிப்பு வெடித்தது. அற்புதசாமி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்புக்குக் காரணம் என்னவென்று அவருக்குப் புரியவில்லை.

அரை மணி கழித்து ஹாலில் முடிந்திருந்தது ஒரே ஓர் ஆடு. அதற்கு மூன்று கால். பஞ்சு ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வழுக்கையாகவும் இருந்தது. அதை இன்னாசியின் இரண்டு கையும் விடாமல் பிடித்திருந்தன. பிடித்திருந்தன என்பதைவிட ஒட்டியிருந்தன என்பதே சரி.

கதவைத் திறந்ததும் அற்புதசாமி முதலில் பாய்ந்தார். "சாமி, இதை என் பொண்ணுதான் செஞ்சா. இவ சொல்லலேன்னா அந்தப் பையன் இன்னும் குச்சியை நீட்டிக்கிட்டுத்தான் இருப்பான்."

"கை யாருதுங்க?" என்றார் அடைக்கலராஜ்.

"காவேரிப் பாலத்தைக் கட்டினது யாருன்னு கேட்டா இன்ஜினீயர் பேரைத்தானேய்யா சொல்றோம்? கல் சுமந்தவன் பேரையா சொல்றோம்?"

"அடேயப்பா! நீங்க எழுதற கடுதாசியிலே ஆபீசர் கையெழுத்துப் போட்டுப் பேர் வாங்கறாருன்னு போன வாரம்கூட அழுதீங்களே?"

"அது வேற விஷயம்."

சாமியார் இரண்டு குழந்தைகளின் கைகளையும் திருப்பிப் பார்த்தார். "யார் கையிலே பசை இருக்கோ அவன்தான் செஞ்சவன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் அற்புதசாமி தம்முடைய நாற்பத்திரண்டு ஆடுகளையே வரிசை வைத்துக்கொண்டிருந்தார். செல்வமேரிக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் இன்னாசி வீட்டில்தான் இருந்தாள். அவனுக்கு இன்னும் நிறைய வேலை வைத்திருந்தாள்.

பெருநாள் காலை, புதுச் சட்டையோடு இன்னாசி சுரூபத்தை ஏந்திக்கொண்டு நடு வழியில் வந்தான். கோயிலே எழுந்து நின்றது. நாலடி வைத்ததும் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நின்றுவிட்டான். அவனுடைய உதடு பிதுங்கியது. சுரூபம் ஒரு பக்கம் சரிந்தது. லூர்துராணி எட்டிப் பிடிப்பதற்குள் செல்வமேரி வரிசையைவிட்டு இறங்கிவிட்டாள்.

"டேய், கீழே பார்க்காதே. நேரே நட. சாய்க்காதே. ம்ச், மெதுவா!"

இன்னாசி நடந்தான். குடில்வரை அவள் பக்கத்திலேயே போனாள். "இப்ப வை" என்றாள். வைத்தான். கையில் எதையும் ஏந்தாமல் அவள் திரும்பி வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

லீவு முடிந்து ஆபீஸ் திறந்ததும் சேஷு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார். "என்ன ஓய், போட்டி என்னாச்சு?"

"என் பொண்ணுதான் பாலகனைக் கொண்டுபோய் வெச்சா."

"பேஷ்! நாலு வயசுக் குழந்தை தானே தூக்கிண்டு போச்சா?"

"தூக்கினது யாரோ ஒரு பையன்" என்றார் அற்புதசாமி, அன்றைய தபாலைப் பிரித்துக்கொண்டே.