கொக்கு மரத்தடியில் மாப்பிள்ளை

எங்க மாட்டுங்கா தெருவுல மீன் சமைக்கற வீடு ஒண்ணு கூடக் கிடையாது. ஆனா ஆவணி வந்தா தெரு முழுக்க மீன் வாடை!

காரணம், முனைல இருந்த தூங்குமூஞ்சி மரம். அறுபதுகள்ல அதுல கொக்கும் நாரையும் ஒண்ணா நூத்துக்கணக்குல கூடு கட்டும்... குஞ்சுகளோட கத்தல், சண்டை, மேலேர்ந்து விழற பாதி மீன்... கீழே ரோடு எச்சத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். மழையோ வெயிலோ இல்லாட்டாலும் எங்க தெருக்காரா அந்த மரத்தடில குடையை விரிச்சுண்டுதான் போவா!

அப்படி ஒரு ஆவணில என்னைப் பொண்ணு பாக்க செம்பூர்லேர்ந்து வந்தா. மூணாவது வரன். நான் ஃபோர்ட் பக்கம் ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட். "ஆபீஸ் போற பொண்ணு, வாய் ஜாஸ்தியா இருக்கும்"னு முதல் ரெண்டு பேரும் கழட்டி விட்டுட்டா. எனக்கோ ஃபோட்டோவைப் பாத்ததுலேர்ந்து இவர்தான்னு மனசுல விழுந்துடுத்து... அம்மா காலைலேர்ந்து ஒரே பாட்டு: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மெதுவாப் பேசுடி!"

அப்பா குடைகளை எடுத்துண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பறதுக்குள்ள, அவா அரை மணி முன்னாடியே வந்துட்டா. பால்கனிலேர்ந்து பாக்கறேன்... ஃபோட்டோல பாத்த அதே முகம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கூடவே அவரோட அப்பா அம்மா. குடை இல்லாம நேரா மரத்தடிக்கு வரா!

எனக்கு எல்லாம் மறந்து போச்சு. "அங்க வராதீங்கோ! மேலே பாருங்கோ!"ன்னு தெருவே அதிரக் கத்திட்டேன்.

மூணு பேரும் மரத்தடிலேயே நின்னு, சமத்தா மேலே பாத்தா...

அவ்வளவுதான். இவருக்கு நெத்தில ஒண்ணு, சட்டைல நாலு! எங்கம்மா தலைல கை வெச்சுண்டு உக்காந்துட்டா. போச்சு, நானே கெடுத்துண்டேன்னு எனக்கு அழுகையா வந்தது.

இவர் முகம் அலம்பிண்டு, எங்கப்பாவோட தொளதொள சட்டையை மாட்டிண்டு வந்து உக்காந்தார். அவரோட அம்மா வழக்கம் போல, "ஒரு பாட்டுப் பாடேன்மா"ன்னா.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவர், "பாட்டெல்லாம் வேண்டாம்மா. குரலைத்தான் தெருவிலேயே கேட்டாச்சே... எனக்குப் பிடிச்சிருக்கு!"

ஐயோ, எனக்குத் தலைகால் புரியலை!

இப்போ அந்த மரம் இல்லை. அங்க கார் நிறுத்தறா. யார் சட்டையும் அழுக்காகறதில்லை... அந்த மீன் வாடைக்கு ஏங்கறேன்னு சொன்னா பேத்தி சிரிக்கறா.

நாங்க சான்பாடால பையனோட இருக்கோம். இவருக்குக் காது மந்தம். சாயந்திரம் கொக்குகள் வரிசையாப் போறச்சே, பால்கனிலேர்ந்து "ஏன்னா... மேலே பாருங்கோ!"ன்னு கத்தறேன். எதிர் ஃபிளாட்காரா எல்லாரும் மேலே பாக்கறா.

இவர் மட்டும் முதல்ல கையால நெத்தியை மூடிக்கறார்!